இரண்டு பேருக்கு ஒரு சேவல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி பழையபடிதான். கிணற்று விஷயத்தில் சித்தப்பா இறங்கி வந்துவிட்டார், அதைப் பிறகு எழுதுகிறேன். வாட்ஸப்பில் போட்டால் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில், அந்த சவுத் டகோட்டாவில், மக்காச்சோளக் காட்டில் நீ மூன்று ஃபெசன்ட் காட்டுக்கோழிச் சேவல்களோடு நிற்கும் படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். கழுத்தில் வெள்ளை வளையம், முழ நீள வால், என்ன அழகு! ஒருவருக்கு நாளைக்கு மூன்றுதான், பெட்டையைச் சுடக்கூடாது என்றாயே, நல்ல சட்டம். இங்கேயும் 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் நானும் உன் பெரிய மாமாவும் கருவேலங்காட்டில் கௌதாரிக்குக் கண்ணி வைத்துக்கொண்டுதான் இருந்தோம். நீ லைசென்ஸ் எடுத்துப் போகிறாய். அந்த மட்டில் அப்பனைவிட நீ மேல்.

இரண்டாவது படத்தையும் பார்த்தேன். மேஜையில் கறிச்சட்டி, பக்கத்தில் ஒரு தட்டு.

சரி, கறி சக்கையாக இருந்தது என்று எழுதியிருந்தாய். இருக்கத்தான் செய்யும். காட்டுப் பறவைக்குக் கொழுப்பு கிடையாது. பிராய்லர் மாதிரி நினைத்து முழுசாக அடுப்பில் வைத்தால் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும், கால்கறி வேகாது. இரண்டையும் பிரித்துவிடு. கால்கறியை நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விடு. காட்டில் ஓடித் திரிந்த கால், நரம்பெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். வெந்தபின் ஒவ்வொன்றாக உருவிப் போடு. நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டுக் கடைசியில் சேர், ஏழெட்டு நிமிடம் போதும். கூடுதல் கொதி வேண்டாம்.

சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துவிடு, வீடு வரும்வரை வண்டியில் போட்டு வைக்காதே. கழுத்தடியில் இரைப்பை நிறையச் சோளம் இருக்கும், அதையும் எடு. குண்டு துளைத்த இடத்தில் விரலை விட்டுப் பார். குண்டோடு இறகும் உள்ளே போய் ஒட்டியிருக்கும். நாங்கள் கண்ணிக்காரர்கள், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உன் பெரிய மாமா பிற்பாடு துப்பாக்கி வாங்கினார், ஒரு கடைவாய்ப் பல்லையும் இழந்தார். கடிக்கும்போது கவனம்.

ஒரு சேவல் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். மூன்றையும் ஒருவனாகத் தின்ன முடியாது. மருமகள் மிளகுக் கறி என்றால் விரும்பிச் சாப்பிடும், இங்கே வந்திருந்தபோது இரண்டாம் முறை கேட்டு வாங்கியது நினைவிருக்கிறது. தீபாவளிக்கு அது பேசவில்லை. பொங்கலுக்கும் இல்லை. வேலையாக இருக்கும் என்று நீ சொன்னாய். அம்மா நம்பிவிட்டாள்.

நீ பிறந்து மூன்றாம் வருடம். ராத்திரி பத்து மணிக்கு ஏழு கௌதாரியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டேன். மாமாவும் கூட்டாளிகளும் திண்ணையில் காத்திருந்தார்கள். உன் அம்மாவுக்குக் காய்ச்சல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுப்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஏழையும் இறகு பிடுங்கி, வைக்கோலில் வாட்டி, மஞ்சள் தேய்த்து, அறுத்துக் குழம்பு வைத்தாள். அவள் முன்கையெல்லாம் இறகு ஒட்டியிருந்தது. நாங்கள் சாப்பிட்டோம். உப்பு குறைவு என்று சொன்னேன். அதைக் கூட்டாளிகள் முன்னால் சொன்னேன்.

விடிந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாச்சிக்கு உடம்பு சரியில்லை, அதனால் நாலு மாதம் அங்கே இருந்தோம் என்று உனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அம்மாச்சி அப்போது கல் மாதிரி இருந்தார். நான் போய்க் கூப்பிடவில்லை. பதினெட்டு கிலோமீட்டர்தான், சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். இரண்டு முறை பாதி வழி போய்த் திரும்பினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் உன் தாத்தாதான் கொண்டுவந்து விட்டுப் போனார், திண்ணையில்கூட உட்காராமல்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் கோழியானாலும் காடையானாலும் சுத்தம் பண்ணுவது நான்தான். நீ கேட்டிருக்கிறாய், அப்பா மட்டும் ஏன் இறகு பிடுங்குகிறார் என்று. எனக்குப் பிடிக்கும் என்று அம்மா சொல்வாள்.

துப்பாக்கியைப் பூட்டி வை. குளிரில் தனியாக வண்டி ஓட்டாதே. கறியைப் பிரித்து வேக வை, மறக்காதே. விமான டிக்கெட் விலை ஒன்றும் எனக்குத் தெரியாது, மருமகள் தன் அம்மா வீட்டில் இருந்தால் எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. போனால் பாதி வழியில் திரும்பாதே.

அடுத்த தடவை சமைத்ததும் படம் அனுப்பு. மேஜை முழுக்கத் தெரிகிற மாதிரி எடு.

அப்பா