ஒன்பது மணிக்கு எழுந்து போகும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வடமராட்சியில் ஒரு பிள்ளையார் கோயில் மடத்தில் 14 ஆண்டுகளாக அறநெறி வகுப்பு நடத்திவருகிறேன். ஞாயிறு காலை 8 மணிக்குத் தேவாரத்துடன் தொடங்கும் வகுப்பு 10.30 வரை நடக்க வேண்டியது. ஆனால் 9 மணி நெருங்கும்போதே பிள்ளைகளில் பாதிப்பேர் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அந்நேரத்தில் அவர்களுக்கு ரியூசன் தொடங்கிவிடும். இதைப் பற்றிப் பலரும் பலமுறை பேசியிருக்கிறார்கள் என்பது தெரியும். இருந்தும் சென்ற சித்திரைச் சதயத்தையொட்டி வந்த ஞாயிறன்று என் வகுப்பில் நடந்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அப்பர் சுவாமிகளின் குருபூசைக் காலம் என்பதால், திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதையை அன்று சொன்னேன். அடியார்களுக்கு அமுது செய்விப்பதற்காக அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு காசு பலிபீடத்தில் வைத்தருளினார். அப்பரின் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொண்டார். சம்பந்தரின் காசுக்கோ வட்டம், அதாவது காசை மாற்றுவதற்கான கழிவு, கேட்டார்கள். அதனால் சம்பந்தரின் மடத்தில் சமையல் பிந்தியது. அப்பர் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியைப் பிடித்துக் கோயிலில் கைத்தொண்டு செய்தவர், ஆகையால் அவருக்கு வாசியில்லாக் காசு, அதாவது கழிவு பிடிக்காத காசு, கிடைத்தது என்று பெரியபுராணம் காரணம் சொல்கிறது. நானும் அதைச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போக இருந்தேன்.

ஆறாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "ரீச்சர், சம்பந்தர் சின்னப்பிள்ளைதானே. சின்னப்பிள்ளைக்குச் சாமி குறைஞ்ச காசு குடுத்தது சரியோ?"

மடம் முழுவதும் அமைதியானது. பிறகு பின்வரிசையிலிருந்து, தகப்பனோடு கடற்கரைக்குப் போய் வலைவேலை செய்யும் பையன் ஒருவன், வேலை செய்தவருக்குத்தானே நல்ல காசு கொடுக்கவேண்டும் என்றான். அப்படியென்றால் வேலை செய்ய இயலாதவர்கள் என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள். 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் தன் தாய் தனக்குப் பசியில்லை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடாமல் இருந்ததை, யாரும் கேட்காமலே ஒரு பிள்ளை சொன்னாள். பஞ்சம் என்ற சொல்லுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் அந்தப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைத்ததைப் போல ஒரு சமய விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எனக்கு அந்நேரம் என் அம்மம்மாவின் நினைவு வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தினால் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானவர்களுள் நாங்களும் இருந்தோம். மறுநாள் ஒரு மாமர நிழலில் அம்மம்மா வழமைபோலச் சிவபுராணம் படித்தார். கோயிலையும் வீட்டையும் விட்டுவந்த பிறகும் ஏன் படிக்கிறீர்கள், சாமி ஏன் எங்களைக் காப்பாற்றவில்லை என்று நான் கேட்டேன். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், சாமியைப் பற்றி அப்படிக் கேட்கக்கூடாது என்று அதட்டினார். அம்மம்மா மட்டும் அதட்டவில்லை; "கேள் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து படித்தார். அவர் எனக்குப் பதில் எதுவும் தந்ததில்லை. ஆனால் கேட்டதற்காக நான் கடவுளிடமிருந்து விலகிப்போகவில்லை என்ற நிச்சயம் அன்று எனக்கு உண்டானது. என் நம்பிக்கை அந்த மரத்தடியில் தொடங்கியதென்றே நினைக்கிறேன்.

அந்த நிச்சயத்தைத்தான் என் பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்பினேன். சம்பந்தர் தமக்குக் கிடைத்த காசைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போகவில்லை என்பதை அவர்களுக்குக் காட்ட நினைத்தேன். "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று இறைவன் முன் நின்று உரிமையோடு கேட்டார். அந்தக் கேள்வியே பதிகமாகி இன்று நாம் பாடுகின்ற தேவாரமாக இருக்கிறது. சரியோ என்று கேட்ட அந்தப் பிள்ளை சம்பந்தரின் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். மணி 9 ஆகியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துவிச்சக்கரவண்டியில் ஏறிப் போய்விட்டாள். அன்று அவளுக்குக் கணித வகுப்பு.

பெற்றோரை நான் குறைசொல்லவில்லை. புலமைப் பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் ஒரு பிள்ளையின் வாழ்வை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பது எனக்கும் பிள்ளைகள் இருப்பதால் தெரியும். பாடசாலையில் சைவநெறி ஒரு பாடமாக இருக்கிறதே, அது போதாதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அங்கே அது புள்ளிக்குரிய பாடம்; திருவீழிமிழலையில் யாருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்ற வினாவுக்கு அங்கே ஒரு விடைதான் உண்டு. அது சரியோ என்று கேட்பதற்கு அங்கே நேரமில்லை. நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். மனனப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்று அறநெறி வகுப்பையும் இன்னொரு பரீட்சை மண்டபமாக்கியிருக்கிறோம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன், அதற்காக வருந்துகிறேன்.

ஆறுமுக நாவலர் பெருமான் 1848 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, சைவப் பிள்ளைகளுக்குச் சமயமும் பிற பாடங்களும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இன்று அதே மண்ணில் கணிதமும் தேவாரமும் ஒரு பிள்ளையின் ஒரே மணித்தியாலத்துக்காகப் போட்டியிடுகின்றன. ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் கத்தோலிக்கப் பிள்ளைகளின் ஆசிரியர்களும் இதே கவலையை என்னோடு பகிர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, தங்கள் பத்திரிகை வாயிலாகத் தனியார் கல்வி நிலையங்களை நடத்துவோரிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், குறைந்தது ஒன்பதாம் தரம் வரையான பிள்ளைகளுக்கு, வகுப்புகளை 11 மணிக்குப் பின்னர் தொடங்குங்கள். கோயில் நிருவாக சபைகளும் இதைத் தங்கள் ஊர்க் கல்வி நிலையங்களோடு நேரில் பேசவேண்டும்; திருவிழாவுக்குப் பந்தல் போடுவதில் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த இரு ஞாயிறும் கணித வகுப்பை 8 மணிக்கே வைத்துவிட்டார்கள்.

இங்ஙனம்,
அறநெறிப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.