மரச்சீனி தின்ற இரண்டு மணி நேரம் கழித்து

அன்புள்ள சித்தப்பா,

டாக்டரிடம் போகிற நாள் காலையில், வெறும் வயிற்றில் மட்டும்தான் சுகர் மெஷினை எடுக்கிறீர்களாம். அதற்கு முந்தின ரெண்டு நாள் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, காப்பி எல்லாம் விரதம். 120 வந்துவிட்டால் மெஷினுக்கு அடுத்த மாதம் வரை லீவு. சித்தி சொல்லித்தான் தெரிந்தது. நம்மூரில் பாதிப்பேர் இப்படித்தான், அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆனால் உங்கள் ஹெச்பிஏ1சி 9-ஐத் தாண்டியிருக்கிறது. அது ரத்தச் சர்க்கரையின் கிட்டத்தட்ட மூன்று மாதத்துச் சராசரிக் கணக்கு. ரெண்டு நாள் பத்தியத்துக்கு மசியாது. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள்.

மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் விலை தெரியும். தினமும் வேண்டாம். வாரத்தில் ரெண்டு நாள், சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். ஒரு நாள் மரச்சீனியும் சாளைக் கறியும். இன்னொரு நாள் கிழங்கைப் பாதியாக்கி, மீனையும் முருங்கைக்கீரைத் துவரனையும் கூட்டிக்கொண்டு. ரெண்டையும் நோட்டில் எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு பார்க்கிறது பொதுவாக 180-க்குள் நிற்க வேண்டும். கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது என்று வாதாடுவீர்களே, அதிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். என்னோடு சண்டை எதற்கு, மெஷினிடமே கேளுங்கள்.

மட்டிப்பழம் உரித்த கையோடு குத்தாதீர்கள். விரலில் ஒட்டிய இனிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். நடுவில்தான் வலி அதிகம். ஸ்ட்ரிப் டப்பாவை அடுக்களையில் திறந்து போடாதீர்கள். ரெண்டு பருவமழையும் பெய்கிற ஊர், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். அப்புறம், லேபுக்கும் மெஷினுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். 150-க்கும் 160-க்கும் நடுவில் கிடந்து கவலைப்படாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் பால்வெட்டப் போகிறீர்கள். கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால் சுகர் இறங்கியிருக்கலாம், வேலையை நிறுத்திவிட்டு மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று நாலு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையா, இன்னொரு தடவை குடியுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். மெஷின் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் முதலில் சீனி. மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். அந்த நோட்டை டாக்டரிடம் நீட்டுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

சித்தியிடம் சீனிப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். பால்வாளியோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் அண்ணன் மகன்