டால்ஸ்டாய் வீட்டுக் கல்யாணப் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் டால்ஸ்டாயின் கலைக் கொள்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் கிழவர் சொன்ன அத்தனைக்கும் கட்டுரையாளர் தலையாட்டிவிட்டார்.

கலைஞன் தான் பட்ட உணர்ச்சியை அடுத்தவருக்கும் தொற்ற வைத்தால் அது கலை, தொற்றாவிட்டால் போலி என்று 1898-ல் வந்த ‘கலை என்றால் என்ன?’ நூலில் டால்ஸ்டாய் சொல்கிறார். சரி, அதுவரை சண்டை இல்லை. அதற்கு அவர் கொண்டுவரும் சாட்சிதான் வேடிக்கை. ஒருநாள் மனசு சரியில்லாமல் உலாவிவிட்டுத் திரும்புகிறார், வீட்டருகே குடியானவப் பெண்கள் கூட்டமாக அரிவாளைத் தட்டிக்கொண்டு பாடுகிறார்கள், கேட்டதும் சோர்வெல்லாம் போய்ச் சிரித்த முகத்தோடு வீடு வந்து சேர்கிறார். அன்று மாலையே பேர்பெற்ற வித்வான் ஒருவர் வந்து ஜெர்மன் இசைமேதை பீத்தோவனின் 101-ஆம் படைப்பான பியானோ சொனாட்டாவை வாசிக்கிறார், இவருக்கு ஒன்றும் ஏறவில்லை. உடனே தீர்ப்பு: பாட்டுதான் கலை, சொனாட்டா தேறாத முயற்சி.

ஐயா, அந்தப் பெண்கள் எதற்காகப் பாடினார்கள் தெரியுமா? கல்யாணம் முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த டால்ஸ்டாயின் மகளை வரவேற்க! அந்த நேரத்தில் தகர டப்பாவைத் தட்டினாலும் பெற்ற அப்பனுக்கு இனிக்கும். என் மகள் தலைதீபாவளிக்கு வந்து இறங்கியபோது ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அது என்ன பாட்டு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இந்தத் தராசை வைத்துக்கொண்டுதான் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியையும் தள்ளிவிடுகிறார். அதோடு நின்றாரா, தான் எழுதியதில் இரண்டே சிறுகதைகளை வைத்துக்கொண்டு ‘போரும் வாழ்வும்’, ‘அன்னா கரீனினா’ உட்பட மற்ற எல்லாவற்றையும் மோசமான கலை என்று ஒதுக்குகிறார். நேர்மையான மனிதர், அதை மறுக்கவில்லை.

ஆனால் இதே மனிதர் 1876-ல் மாஸ்கோவில் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய முதல் நால்வர் இசையின் மெதுவான பகுதியைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார். பத்து வருஷம் கழித்தும் சைகோவ்ஸ்கி அதைப் பெருமையோடு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த மெட்டே நாட்டுப்பாட்டிலிருந்து எடுத்ததுதானே என்று கட்டுரையாளர் என்னை மடக்கலாம். மடக்கட்டும். அன்று வாசித்தவர்கள் கையில் இருந்தது வயலின், அரிவாள் இல்லை.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பீத்தோவனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள், பாவம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி