கட்டிலில் கிடந்தால்தானா காப்புறுதி?

இலங்கையில் தனியார் மருத்துவக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்ற இரண்டு குடல் அழற்சி நோய்களும் மருந்துக்கு அடங்கும், முற்றாக மாறாது. அடங்கியிருக்கும் காலத்தில் ஆள் சந்தைக்குப் போவார், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார், வள்ளத்தில் ஏறுவார். நோய் கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இரத்தமும் சளியுமாகப் போகும். இரண்டு நிலைக்கும் நடுவில் தடுத்து நிற்பவை வீட்டில் விழுங்கும் குளிசையும், சிலருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தும்தான். உங்கள் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வைத்தியசாலைக் கட்டிலில் ஓர் இரவு கழிந்த பிறகே பணம் தருகின்றன. நோயாளரைக் கட்டிலுக்குப் போகாமல் வைத்திருக்கும் சிகிச்சைக்கும் பணம் தாருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நோயாளருக்குக் காப்புறுதிப் பணம் கேட்கும் கோரிக்கைப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள். அவர்களுக்கு வரும் மறுப்புக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவதும் நாங்கள்தான். எந்த இடத்தில் எது பிசகுகிறது என்பதைக் கணக்கோடு சொல்ல முயல்கிறோம்.

கொலைட்டிஸ் அடங்கியிருக்க மெசலசின் என்ற அழற்சி அடக்கும் குளிசை நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், கிளம்பினால் 4.8 கிராம் வரை ஏற்றுவார்கள். 400 மில்லிகிராம் குளிசையில் 2.4 கிராம் என்றால் நாளுக்கு ஆறு, மாதத்துக்கு 180. அரசாங்க கிளினிக்கில் இது இலவசம், கையிருப்பு இருக்கும்வரை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பது நாடே அறிந்தது. இல்லாத மாதத்தில் ‘வெளியில் வாங்கவும்’ என்று துண்டு தருவார்கள். பார்மசிக்குப் போகிறவரின் கையில் பணம் போதாவிட்டால் ஆறு குளிசை மூன்றாகும். குடல் அதை உடனே காட்டாது. சில கிழமை போன பிறகு இரத்தம் தெரியும். பிறகு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை: 40 மில்லிகிராமில் தொடங்கிக் கிழமைக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து எட்டுக் கிழமை. சீனி ஏறும், முகம் ஊதும், நித்திரை போகும், அடிக்கடி எடுத்தால் எலும்பு தேயும். அதற்கும் அடங்காவிட்டால் வாட்டில் சேர்த்து நாளத்தின் வழியாக ஸ்டீரொயிட் ஏற்றுவார்கள். அப்போதுதான் நீங்கள் பணம் தருகிறீர்கள். 180 குளிசைக்குத் தராததை ஐந்து நாள் கட்டிலுக்குத் தருவது உங்கள் கணக்குக்கும் நட்டம்.

மெசலசின் போதாதவர்களுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் அசதியோப்ரின் குளிசை கொடுப்பதுண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். வேலை செய்ய மூன்று மாதம் எடுக்கும். அதற்குள் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை விழுந்துவிடக்கூடும். ஆசியரில் சிலருக்கு என்.யூ.டி.ரி.15 என்ற மரபணு மாற்றத்தால் அது திடீரென்றும் கடுமையாகவும் விழும். ஆகவே முதல் மாதம் கிழமைக்கொரு இரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கொன்று. இந்தச் சிறு பற்றுச்சீட்டுகள் எல்லாம் ‘வெளிநோயாளர் செலவு’ என்று ஒதுக்கப்படுகின்றன. பணமில்லாமல் பரிசோதனையைத் தவறவிட்டவர் காய்ச்சலோடு வாட்டுக்கு வரும்போது அதே செலவு பலமடங்காகி உங்கள் மேசைக்கு வருகிறது.

நாளத்தின் வழியாக ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தின் விடயம் இதைவிட மோசம். கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பி மூன்று. 0, 2, 6 ஆம் கிழமைகளில் ஏற்றி, பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை. முதல் ஆண்டில் எட்டுத் தடவை, 24 குப்பி. ஒரு தடவைக்கு இரண்டு மணித்தியாலம் ஏற்றி, அலர்ஜி வருகிறதா என்று மேலும் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். அன்று பின்னேரமே ஆள் வீட்டுக்குப் போகலாம். அதுதான் உங்களிடம் குற்றமாகிவிடுகிறது. ஓர் இரவு தங்கவில்லை, ஆகவே இது வைத்தியசாலை அனுமதி அல்ல, ஆகவே கோரிக்கை செல்லாது. கண்புரைச் சத்திரசிகிச்சை, டயலிசிஸ், கீமோ ஆகியவற்றைப் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அதே பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்காததால் நோயாளர் தேவையில்லாமல் ஓர் இரவு தங்குகிறார், அல்லது பணம் சேரும்வரை அடுத்த தவணையைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போடுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது: இடைவெளி நீண்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிரணுக்களை உண்டாக்கும். அடுத்த முறை ஏற்றும்போது மூச்சு முட்டலாம். மருந்தே பிறகு எடுபடாமல் போகலாம். மிஞ்சியிருப்பது அதைவிட விலைகூடிய மருந்து, இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை.

வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் அடலிமுமாப் ஊசிக்கு இன்னொரு தொல்லை. 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. கொழும்பில் வாங்கி 260 கிலோமீற்றர் அளவில் பேருந்தில் கொண்டுவருகிறவர்கள் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியைத்தான் நம்புகிறார்கள். ஐஸ் பக்கெட்டைத் துவாயால் சுற்றி, ஊசிக்கும் ஐசுக்கும் நடுவில் மட்டையை வைக்க வேண்டும். ஊசி ஐசோடு ஒட்டிக் கிடந்தால் உறைந்து பழுதாகும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பழுதான ஊசிக்கு மாற்று வாங்க நாங்கள் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை.

பெருங்குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கொப்பிக்கு வெளியூர் போவதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும்: வெள்ளைச் சோறு, முட்டை, மீன் சாப்பிடலாம், குரக்கன், கீரை, வெண்டிக்காய், கொய்யா கூடாது. இரும்புச்சத்துக் குளிசையை ஒரு கிழமைக்கு முன் நிறுத்த வேண்டும். முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். பேதிக் கரைசல், வகையைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு லீற்றர். பாதி முதல்நாள் பின்னேரம், மீதி பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம் முன். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். மண்ணிறம் இருந்தால் குடல் சுத்தமாகவில்லை. கருவியை விட்டாலும் புண் தெரியாது, இன்னொரு நாள் திரும்ப வரச் சொல்வார்கள். இந்தக் கரைசலைக் குடித்துவிட்டு இரவுப் பேருந்தில் ஏற முடியாது. ஆகவே முதல்நாளே போய், கழிப்பறையோடு கூடிய அறை எடுத்து, துணைக்கு ஒருவரையும் வைத்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் துணையில்லாமல் அனுப்பமாட்டார்கள். அறை, இருவரின் பயணம், இருவரின் இரண்டு நாள் உழைப்பு எல்லாம் கைக்காசு. கொழும்பில் இருக்கும் காப்புறுதிதாரருக்கு இந்தச் செலவு இல்லை. தவணைப்பணம் மட்டும் இருவருக்கும் ஒன்று.

அதற்குப் பிறகும் ‘பரிசோதனைக்காக மட்டும் வைத்தியசாலை அனுமதி’ என்ற விலக்கு காத்திருக்கிறது. உள்ளே நோய் கண்டால் பணம். ஒன்றுமில்லை என்று வந்தால் மறுப்பு. கொலைட்டிஸ் அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டானவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை. அதற்கும் இதே மறுப்புத்தான்.

இனி, எங்களை மிகவும் வருத்தும் விடயம்: ‘முன்பே இருந்த நோய்’ என்ற பிரிவு. எங்கள் ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் பெயர் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’. பசி நேரம் எரிந்தாலும் அதுதான், அடிவயிறு முறுக்கினாலும் அதுதான். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எழுதிய பழைய துண்டு இல்லாத வீடு குறைவு. பிறகு ஒருவருக்குப் பெருங்குடலில் கொலைட்டிஸ் என்று உறுதியாகிறது. நிறுவனம் பழைய துண்டை எடுத்துக் காட்டி, ‘சமிபாட்டுத் தொகுதி நோய் முன்பே இருந்தது, முன்மொழிவுப் படிவத்தில் மறைத்துவிட்டீர்கள்’ என்கிறது. கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி மேலே ஏறுவது. நடுவில் ஆறு மீற்றர் அளவு சிறுகுடல் கிடக்கிறது. ஒன்று மற்றதின் தொடக்கமல்ல.

வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையில் ‘இரண்டு வருடமாக வயிற்றுவலி’ என்று வாட்டு வைத்தியர் எழுதும் ஒரு வரியும் இதே வேலையைச் செய்கிறது. குரோன்ஸ் நோயைக் கண்டுபிடிக்கக் காலம் எடுக்கும். எங்கள் நாடுகளில் குடல் காசநோயும் ஏறத்தாழ அதேபோலத் தெரிவதால் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கவும் நேரிடுகிறது. வைத்திய நிபுணருக்கே விளங்கக் காலம் எடுத்த நோயைக் காப்புறுதி எடுக்கிறவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சி அறிக்கையில் நோய் உறுதியான திகதியையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். அறிந்தே மறைத்தார் என்றால் அதை நிறுவும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கட்டும்.

காப்புறுதி எடுக்கப்போகிறவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறோம். முகவர் நிரப்பித் தரும் படிவத்தில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். எடுத்த மருந்தையும் போன கிளினிக்கையும் உள்ளபடி எழுதி, முழுப் படிவத்தின் பிரதியையும் வாங்கி வையுங்கள். பார்மசியில் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு எங்கள் வெக்கையில் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுங்கள்.

சத்திரசிகிச்சை செய்து, வயிற்றில் குடலை வெளியே திறந்துவிட்ட ஸ்டோமா என்ற வாயோடும் கழிவு சேரும் பையோடும் வாழ்கிறவர்களின் செலவு யாருடைய கண்ணிலும் படுவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பணம் தரும் ஒப்பந்தம், பையை ‘வெளி உபகரணம்’ என்று விலக்குகிறது. தோலில் ஒட்டும் அடித்தட்டு வழக்கமாக மூன்று நான்கு நாள் நிற்கும். கச்சான் வீசும் மாதங்களில் வியர்வையில் ஓரம் கிளம்பி அடுத்த நாளே கழன்றுவிடுவதுண்டு. தட்டில் வெட்டும் துளை ஸ்டோமாவை விட 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் அகலமாக இருக்கலாம். அதைவிடப் பெரிதானால் சிறுகுடல் நீர் தோலில் பட்டு அதை அரித்துப் புண்ணாக்கும். புண்ணான ஈரத் தோலில் அடுத்த தட்டு ஒட்டாது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்க வேண்டும், பாரத்தில் இழுபட்டால் கழன்றுவிடும். காசை மிச்சம்பிடிக்க ஒரே தட்டைப் பிளாஸ்டர் போட்டு ஒரு கிழமை வைத்திருப்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். பிளாஸ்டருக்குக் கீழே தோல் வெந்திருக்கும்.

சிறுகுடல் ஸ்டோமா உள்ளவருக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போனால் உப்பும் நீரும் வற்றும். வெறும் தண்ணீரும் செவ்விளநீரும் குடித்துச் சமாளிக்க முடியாது. இளநீரில் பொட்டாசியம் கூட, உப்பு குறைவு. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் கலந்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். தவறினால் சிறுநீரகம் பாதித்து மீண்டும் கட்டில். ஆண்டொன்றுக்கு இத்தனை பை, இத்தனை தட்டு என்று எண்ணிக்கை வைத்தாவது ஒப்பந்தத்தில் சேருங்கள்.

அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு, பெரிய கம்பனி ஊழியருக்குக் குழுக் காப்புறுதி உண்டு. கொட்டியாரக் குடாவில் தொழிலுக்குப் போகிறவருக்கும் தெருவோரக் கடைக்காரருக்கும் உங்கள் தனிநபர் ஒப்பந்தம் மட்டும்தான். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் கோரிக்கை போட்டால் அடுத்த வருடம் ‘குடல் நோய்கள் நீங்கலாக’ என்று வரி சேர்கிறது. குழுக் காப்புறுதியில் இருப்பவரும் அடிக்கடி சுகயீன லீவு எடுத்து வேலையை இழந்தால், அன்றோடு காப்புறுதியையும் இழக்கிறார். ஒருமுறை ஏற்றுக்கொண்ட நோயைப் புதுப்பிக்கும்போது விலக்கக் கூடாது என்றும், வேலை போனவர் காத்திருப்புக் காலமின்றித் தனிநபர் ஒப்பந்தத்துக்கு மாறலாம் என்றும் ஆணைக்குழு விதி செய்ய வேண்டும். காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிதாரரின் நலனைக் காப்பது ஆணைக்குழுவின் கடமை.

மறுப்புக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரே பந்தியில் வருகின்றன. எந்தப் பிரிவின்படி மறுப்பு என்ற இலக்கம்கூட இருப்பதில்லை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலையும் மறுப்புக் கடிதத்தையும் தமிழில் தாருங்கள். பிரிவு இலக்கத்தையும், மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதியையும், காப்புறுதி குறைகேள் அதிகாரியின் முகவரியையும் அதே தாளில் அச்சிடுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், பகல்நேர மருந்தேற்றலைப் பட்டியலில் சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் புதுப் படிவமோ புதுச் சட்டமோ தேவையில்லை. எட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியவர்களுக்கு அடுத்த தவணைத் திகதி ஏற்கெனவே கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டக் குடல் நோயாளருக்குக் கோரிக்கைப் படிவம் நிரப்ப உதவுவோர்