பூஜை ரூம் கதவும் ஜவ்வாது மலையும்

டேய் செந்திலு,

எப்டிடா இருக்க? வீட்டு வேல எதுவரைக்கும் வந்துருக்கு? ஒன் மெசேஜ் பாத்து நாலு நாளாச்சு, போன்ல பேசுனா சண்டையில முடியும்னுதான் உக்காந்து எழுதுறேன். பூஜை ரூம் கதவுல பதிக்க மலைலேருந்து சந்தனக்கட்டையோ செம்மரமோ ஆள் புடிச்சு வாங்கிக் குடுன்னு கேட்டுருக்க பாரு, வாத்தியார்கிட்ட கேக்குற கேள்வியாடா இது.

மொதல்ல ஒண்ணு, செம்மரத்துக்கு வாசனையே கெடையாது. நீ சந்தனத்தையும் அதையும் போட்டு கொழப்பிக்கிற. அது வெறும் செவப்பு வைரம், அதாவது மரத்து நடுவுல இருக்குற கெட்டிக் கட்டை, தண்ணில போட்டா முங்கிரும், அவ்ளோ கனம். இங்க ஜவ்வாது மலைல அது பெருசா வெளையற மரமும் இல்ல, ஆந்திரால சேஷாசலம், கடப்பா, நெல்லூர் பக்கத்து கல்லு மலைங்கதான் அதுக்கு சொந்த ஊரு. ஆனா அத வெட்டப் போறது எங்க மலை ஆளுங்க.

எப்டின்னு கேளு. ஒரு காலத்துல இந்த மலை முழுக்க சந்தனம், திருப்பத்தூர் கவர்மென்ட் டிப்போல மலை மலையா அடுக்கி ஏலம் விட்டத எங்க தாத்தா கத கதையா சொல்வாரு. திருட்டு வெட்டுல அதெல்லாம் போச்சு. சட்டம் வேற, பட்டா நெலத்துல மொளைச்சாலும் மரம் கவர்மென்டோடதுன்னு இருந்ததால, கேஸ் வந்துருமோன்னு பயந்து கன்னுலயே புடுங்கிப் போட்டவங்க நெறைய பேரு. 2002-லதான் மாத்துனாங்க. அதுக்குள்ள மலை காலி, சாமையும் கடுக்காயும் மட்டும் வெச்சு எத்தன வயித்த ரொப்புறது? அப்பதான் மரம் வெட்ட ஆள் புடிக்கிற மேஸ்திரின்னு ஒருத்தன் அட்வான்ஸ் பணத்தோட ஊருக்குள்ள வர்றான், கோடாலி புடிக்கத் தெரிஞ்ச கை, மேடு ஏற பழகுன காலு, வேற என்ன வேணும் அவனுக்கு. ஒரு மலைய மொட்டையடிச்சுட்டு அதே மலை ஆள வெச்சு அடுத்த மலையயும் மொட்டையடிக்கிறானுங்க. எனக்கு இதுதான்டா தாங்கல.

2015 ஏப்ரல் 7 ஞாபகம் இருக்கா? சேஷாசலத்துல செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொல்லி 20 பேர ஆந்திரா போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு, நம்ம திருவண்ணாமலை, தர்மபுரி ஆளுங்கதான் அதிகம். அதுக்கு முன்னாடி 2013-ல பாரஸ்ட் ஆபீசர் ரெண்டு பேர செம்மரக் கடத்தல் கும்பல் அடிச்சே கொன்னுச்சு. ரெண்டு பக்கமும் செத்தது சம்பளக்காரனும் கூலிக்காரனும், கட்டைய கப்பல்ல ஏத்துறவன் எங்கயோ ஏசில ஒக்காந்துருக்கான். எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்காரு, டீ கடைல சட்டைய கழட்டிப் போட்டுட்டு உக்காந்தார்னா வலது தோள்ல காய்ச்சுப்போன தோலு செருப்பு மாதிரி தெரியும், கட்டை சொமந்தது. எத்தன தடவ போனீங்கன்னு கேட்டேன், டீய ஊதிக்கிட்டே இருந்தாரு, பதிலே இல்ல.

செம்மரத்துல வைரம் புடிச்ச பெரிய மரமாத்தான் பாத்து வெட்டுவாங்க, அதுக்கு பல வருஷம் ஆகும். அப்போ வெத போடுற தாய் மரம்தான் போகுது. அடிக்கட்டைலேருந்து தழையும்தான், ஆனா அது வைரம் புடிக்கறதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் கெழவனாயிருப்போம்.

ஸ்கூல்ல நடந்தத சொல்லணும். வேலியோரம் எதோ குருவி எச்சத்துல ஒரு சந்தனக் கன்னு மொளச்சுது, பக்கத்துல பசங்க போட்ட தொவர. ஜம்முனு வளந்துச்சு. தொவர அறுத்ததும் நான்தான் அறிவாளியாட்டம் மிச்சத் தொவரச் செடிய வேரோட புடுங்கச் சொன்னேன், பத்தே நாள்ல கன்னு மஞ்சளாயிடுச்சு. பசங்க மண்ண லேசா நோண்டிப் பாத்தா சந்தன வேர்ல சின்னச் சின்ன முண்டு, அறுந்துபோன தொவர வேர அட்டை மாதிரி கவ்விக்கிட்டு இருக்கு. அது பக்கத்துச் செடிகிட்ட கொஞ்சம் வாங்கித்தான் பொழைக்கும், தனியா நிக்காது. காட்ட வெட்டிட்டு சந்தனத்த மட்டும் காப்பாத்துறேன்னு சொல்ல முடியாதுன்னு எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எனக்கு பாடம் எடுத்தான், வெக்கமாப் போச்சு. திரும்ப தொவர போட்டுருக்கோம், பாப்போம்.

மரம் போன சரிவுல உண்ணிச்செடிங்குற களைதான் மண்டுது. நீயும் நானும் செங்கத்துல குதிச்சு ஆடுன செய்யாறு இந்த மலைலதான்டா பொறக்குது, இப்ப அது மணலா கெடக்குன்னு போன வாட்டி பொலம்புனியே. எல்லாத்துக்கும் மரம் வெட்டுனதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், மணல் அள்ளுனதும் இருக்கு. ஆனா மேல நெழல் இல்லாத மலை தண்ணிய எத்தன நாளு புடிச்சு வெச்சுக்கும்?

கதவுக்கு டிப்போல பில்லோட தேக்கு வாங்கு, ஆசாரி நல்லவனா இருந்தா அதுலயே யானையெல்லாம் செதுக்கித் தருவான். கோச்சிக்காத. சாமை அஞ்சு கிலோவும் ஒரு பாட்டில் மலைத்தேனும் பஸ் பார்சல்ல போட்டுருக்கேன், சாமைல கல்லு இருக்கும், தங்கச்சிகிட்ட நல்லா அரிச்சு எடுக்கச் சொல்லு. கிரகப்பிரவேசத்துக்கு தேதி குறிச்சதும் சொல்லுடா, லீவு போடணும்.

இப்படிக்கு
மணி