உங்கள் ஃபைலில் புதிதாக வரும் கடைசிப் பக்கம் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதத்திலிருந்து, உங்கள் தீசிஸ், லேப் டேட்டாவைக் கணக்குப் போட்டு நாங்கள் முடித்துத் தரும் எக்செல் ஃபைலில் கடைசியாக ஒரு பக்கம் கூடுதலாக வருகிறது. ஷீட்டில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அது என்ன வகை, எதிலிருந்து வந்தது, எதைப் பற்றியது என்று எழுதி ஓர் அடையாள எண்ணும் போட்டிருக்கிறோம். "தீசிஸுக்கு டேபிள் கேட்டால் இது எதற்கு?" என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். லேப் வைத்திருப்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

எங்களிடம் அதிகம் வருவது சர்க்கரை நோய் தீசிஸ்தான். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 7 சதவீதம் என்று இருக்கும். அடுத்த வரியிலேயே 'சராசரி சர்க்கரை 154' என்று இருக்கும். அந்த நோயாளிக்கு யாராவது தினமும் ரத்தம் எடுத்து, கூட்டி வகுத்தார்களா? இல்லை. எச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு தந்த சமன்பாடு அது. பெயரில்தான் சராசரி, உண்மையில் அது ஒரு மதிப்பீடு. இன்னொரு நோயாளி வீட்டில் குளுக்கோமீட்டரில் பல வேளை பார்த்து எழுதிவந்த அளவுகளின் சராசரியும் அதே ஷீட்டில், அதே 'மீன் குளுக்கோஸ்' தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். மாட்டுத்தாவணியில் கிலோவில் வாங்கிய மல்லிகையையும் தெருவில் முழத்தில் வாங்கியதையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டுகிற கதைதான். போதாததற்கு, எச்பிஏ1சி-க்கும் ரிப்போர்ட்டில் உள்ள அந்தச் 'சராசரி'க்கும் தொடர்பு இருக்கிறதா என்று டெஸ்ட் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தொடர்பு 1 என்று வரும். ஒன்றிலிருந்து பிறந்ததுதானே இன்னொன்று, வராமல் எங்கே போகும்!

கொழுப்பு டெஸ்ட்டிலும் இதே சங்கதி உண்டு. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 40, டிரைகிளிசரைடு 150 என்பதெல்லாம் மெஷின் அளந்தவை. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 140 என்பது பல லேப்களில் கணக்குப் போட்டு எழுதுவது: 210-இல் 40-ஐயும், 150-இல் ஐந்தில் ஒரு பங்கான 30-ஐயும் கழித்தால் 140. இந்தக் கணக்கு 1972-இலிருந்து இருக்கிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இதை நம்பக் கூடாது. எல்டிஎல் அளந்ததா, கணக்கிட்டதா என்று ஷீட்டில் இல்லாவிட்டால், நம்பக் கூடாத வரிகள் எவை என்று எங்களால் பிரிக்க முடியாது.

இந்தப் பிரிவினையை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவ ஆய்வுச் சொற்களுக்கென்று 'ஆன்டாலஜி ஃபார் பயோமெடிக்கல் இன்வெஸ்டிகேஷன்ஸ்' என்று ஒரு பெரிய வகைப்பாடு இருக்கிறது, சுருக்கமாக ஓபிஐ. புள்ளியியலுக்கென்றே 'ஸ்டேட்டோ' என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இவற்றின் பார்வையில் சராசரி ஒரே பொருள் இல்லை. 'எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகு' என்பது ஒரு செய்முறை, அது திட்டங்களோடு சேரும். ஒரு நாள் எங்கள் அலுவலகப் பையன் உட்கார்ந்து அதைக் கணக்குப் போட்டது ஒரு செயல், அது இன்னொரு கிளை. கடைசியில் ஷீட்டில் விழுந்த 142.6 ஒரு தகவல், அதற்கு மூன்றாவது இடம். முதலில் கேட்கும்போது வெட்டிவேலை மாதிரி தோன்றும். ஆனால் கைடு "எந்த முறையில் போட்டாய்?" என்று கேட்கும்போது 142.6 என்ற எண்ணால் பதில் சொல்ல முடியாது, செய்முறையும் செயலும் தனியாகப் பதிவாகியிருந்தால்தான் முடியும்.

பி வேல்யூவை (புள்ளியியல் டெஸ்ட்டின் முடிவில் வரும் வாய்ப்பு எண்) எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே பேச்சு நீண்டது. ஓபிஐ-யில் அதற்கு 0000175 என்று எண் உண்டு. ரத்த அழுத்தம் 150 என்றால் அது ஒரு நோயாளியைப் பற்றியது. பி 0.03 என்பது எந்த நோயாளியைப் பற்றியும் இல்லை. ஒப்பிடும் குழுக்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. ஆகவே நோயாளி வரிசையில் அதற்கு இடமில்லை. தயவுசெய்து மாஸ்டர் சார்ட்டில் (நோயாளிக்கு ஒரு வரி என்று எழுதும் ஷீட்) பி வேல்யூ தலைப்பு போட்டு அனுப்பாதீர்கள்.

எஸ்.டி., எஸ்.இ. குழப்பம் பழசு, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறோம். எஸ்.டி. என்பது நோயாளிகளின் அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, எஸ்.இ. என்பது நாம் போட்ட சராசரி எவ்வளவு துல்லியம் என்பது. நூறு பேர் இருந்தால் எஸ்.இ. என்பது எஸ்.டி.யில் பத்தில் ஒன்று. '142 ± 2' என்று மட்டும் எழுதியிருந்தால் நோயாளிகள் எல்லாரும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். எதுவென்று எழுதுங்கள், போதும்.

கண் மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பார்வைத் திறனை 6/12 என்று அடித்தால் எக்செல் அதை டிசம்பர் 6 ஆக்கிவிடும், இல்லையென்றால் ஜூன் 12. (எக்செல்லின் இந்தத் தேதிப் பித்தைத் தாங்க முடியாமல் 2020-இல் மார்ச்1 என்ற ஜீனின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள்.) முதலில் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடியுங்கள். அப்புறம், பார்வைத் திறனை அப்படியே சராசரி எடுக்கச் சொல்லாதீர்கள். 6/6-ஐயும் 6/60-ஐயும் தசமமாக மாற்றிச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 6/11 வரும். லாக்மார் (பார்வைத் திறனை லாக் அளவில் எழுதும் முறை) ஆக்கிச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 6/19. அதே இரண்டு கண்கள்தான், எண்ணை எப்படி மாற்றினோம் என்பதில்தான் வித்தியாசம். நாங்கள் லாக்மாரில்தான் போடுவோம், கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்தும் தருவோம்.

சரி, உங்கள் பக்கம் என்ன வேலை? ஃபைல் அனுப்பும்போது ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே 'அளந்தது' அல்லது 'கணக்கிட்டது' என்று ஒரு சொல் எழுதுங்கள். கணக்கிட்டது என்றால் எந்தச் சமன்பாடு என்றும், அலகு என்ன என்றும் எழுதினால் நல்லது. சர்க்கரை மில்லிகிராமிலா மில்லிமோலிலா என்பது தெரியாமல் வந்தால் நாங்கள் போன் செய்தே தீருவோம். அடையாள எண்களைத் தேடிப் போடுவது எங்கள் வேலை. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முதல் ஃபைலுக்கு மட்டும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். பழைய ஃபைல்களுக்கும் இந்தப் பக்கம் வேண்டுமென்றால் கேளுங்கள், வேலை குறைவான நாட்களில் செய்து தருகிறோம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து பென் டிரைவோடு பஸ் ஏறி வருபவர்கள் கவனிக்கவும்: அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் மறுநாளும் அலுவலகம் திறக்காது. கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, வந்து அலைய வேண்டாம். மெயிலில் அனுப்பிவிடுங்கள், திறந்ததும் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் டேட்டா வேலை பார்க்கும் அண்ணா நகர் மாடி அலுவலகத்தார்
மதுரை