ஒருமுறை தேர்ந்தெடுத்த உலாவி அப்படியே இருக்கட்டும்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமை ஆணையர் அவர்கள், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

பொருள்: கணினியில் பயனர் தேர்ந்தெடுத்த இயல்புநிலை உலாவி, அவர் அறியாமல் மாறிப்போவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் மூன்று கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் கொண்ட சிறிய இணையச் சேவை மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, கல்வி உதவித்தொகை, வருங்கால வைப்பு நிதி என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பித்துக் கொடுப்பதே எங்கள் வேலை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். என்றாலும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சிலர் இன்றும் பேருந்து ஏறி எங்களிடம் வருகிறார்கள். இங்கே தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் பெறலாம் என்பதுதான் காரணம். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இயல்புநிலை உலாவி என்பது, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ஓர் இணைப்பைச் சொடுக்கினால் எந்த உலாவி (குரோம், பயர்பாக்ஸ் போன்ற இணையம் பார்க்கும் மென்பொருள்) திறக்க வேண்டும் என்று நாம் கணினிக்குச் சொல்லிவைக்கும் ஏற்பாடு. வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இது மாறிப்போனால் சற்று எரிச்சல் வரும், அவ்வளவுதான். எங்களைப் போன்ற மையங்களில் அப்படி முடிந்துவிடுவதில்லை. எந்த அரசுத் தளத்துக்கு எந்த அனுமதி தேவை, கைரேகைக் கருவிக்கு என்ன விலக்கு கொடுக்க வேண்டும், சான்றிதழை அச்சிடும்போது ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்பதையெல்லாம் பல மாதங்கள் பட்டுத் தெரிந்துகொண்டு ஒரே உலாவியில் அமைத்து வைத்திருக்கிறோம். ஓர் உலாவியில் உள்நுழைந்திருப்பது இன்னோர் உலாவிக்குத் தெரியாது. உள்நுழைவு விவரத்தை ஒவ்வோர் உலாவியும் தன்னிடம் தனியாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே வேறோர் உலாவி திறந்துகொண்டால், ஆளும் கணினி முன் இருக்கிறார், கடவுச்சொல்லும் சரியாக இருக்கிறது, ஆனாலும் தளம் அவரை யாரோ என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

கடந்த கல்வியாண்டில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும், உதவித்தொகை விண்ணப்பத்துக்காகக் காலை முதல் பேருந்தில் வந்திருந்தார்கள். முந்தைய இரவு எங்கள் கணினி ஒன்றில் புதுப்பிப்பு நடந்திருந்தது. காலையில் அதைத் திறந்ததும் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளை ஏற்றுக்கொள்ளும் பொத்தான் நல்ல நீலத்தில் பெரிதாக இருந்தது. இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும் வழி அதன் கீழே, பொத்தான் என்றே தோன்றாத வெளிறிய எழுத்தில் இருந்தது. எங்களிடம் வேலை பார்க்கும் பெண், வாசலில் ஆள் காத்திருக்கும் அவசரத்தில், பரிந்துரை என்றால் நல்லதற்குத்தான் இருக்கும் என்று நீலப் பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பிய பிறகு, மின்னஞ்சலுக்கு வந்த உறுதிப்படுத்தும் இணைப்பைச் சொடுக்கியதும் வேறோர் உலாவி திறந்தது. மறுபடியும் உள்நுழையச் சொன்னது. அந்த மாணவி கடவுச்சொல்லை நினைவிலிருந்து மூன்று முறை உள்ளிட்டாள். மூன்றும் தவறாகப் போய், கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நாங்க எதையாச்சும் தப்பா அமுக்கிட்டோமா தம்பி?”

அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. இயந்திரம் தந்திரமாகக் கேட்டு மாற்றிய ஒன்றுக்கு மனிதர்கள் தங்களைத் தாங்களே குற்றவாளிகளாக்கிக்கொள்கிறார்கள். யாரும் புகார் கொடுக்காததற்கும் அதுவே காரணம். எங்கள் மையத்தில் நடந்ததோடு எந்த நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து எழுத நான் விரும்பவில்லை. என் கோரிக்கை, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் விற்கும் எல்லோருக்கும் பொருந்தக்கூடிய ஒரு விதியைப் பற்றியது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், இயல்புநிலையைப் பூட்டி வைப்பதற்கு நல்ல காரணமும் உண்டு. பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இலவசமாக எதையாவது இறக்கினால் அதோடு ஒரு கருவிப்பட்டையும் ஒட்டிக்கொண்டு வந்து, முகப்புப் பக்கம், தேடுபொறி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் 2012இல் வந்த மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 8 இயங்குதளம் முதல், பயனரின் தேர்வை ஒரு முத்திரைக் குறியோடு பதிவேட்டில் எழுதி வைக்கும் முறை வந்தது. பிற நிரல்கள் அதைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது, தேர்வும் செல்லாது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் பூட்டின் சாவியை வைத்திருப்பவரே ஓர் உலாவியையும் விற்பவராக இருக்கும்போது, அவருடைய உலாவிக்கு ஒரு வழியும் மற்றவற்றுக்கு வேறு வழியும் இருக்கக் கூடாது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியான மறுநாளே, பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் பியர்ட், மேம்படுத்தும்போது பயனரின் தேர்வு புறக்கணிக்கப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியாக உலாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2022 மார்ச்சில்தான் ஒரே பொத்தான் வந்தது. இன்றும் நம் நாட்டில் அந்தப் பொத்தான் பிடிஎஃப் கோப்புகளைத் தொடுவதில்லை. அவற்றுக்குத் தனியே மாற்ற வேண்டும். வில்லங்கச் சான்று பிடிஎஃப் ஆகத்தான் வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓரம் வெட்டுப்பட்டு அச்சான சான்றை மறுபடி அச்சிடுவதில் எங்களுக்குக் காகிதம்தான் நட்டம். அதை அப்படியே அலுவலகத்தில் கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஒரு நாள் நட்டம்.

மனம் வைத்தால் இதைச் சரிசெய்வது கடினம் இல்லை. ஐபோனில் இயல்புநிலை உலாவியை மாற்றும் வசதியே 2020 செப்டம்பரில், ஐஓஎஸ் 14 பதிப்பில்தான் வந்தது. வந்தவுடன் ஒரு குறை தெரிந்தது. கைப்பேசியை அணைத்துப் போட்டால், பயனர் தேர்ந்தெடுத்த உலாவி போய்ப் பழையபடி ஆப்பிளின் உலாவியே வந்து நின்றது. ஆப்பிள் அதைப் பிழை என்று ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ ஒரே வாரத்தில் 14.0.1 பதிப்பில் திருத்திவிட்டது. பயனரின் தேர்வு அழிவதைப் பிழை என்று ஒரு நிறுவனம் கருதினால் எட்டு நாளில் தீர்வு வரும். வணிக உத்தி என்று கருதினால் எட்டு ஆண்டானாலும் வராது.

அப்போதுதான் சட்டம் தேவைப்படுகிறது, சட்டத்துக்குப் பலனும் இருக்கிறது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் கொடுத்த உறுதிமொழியின்படி, அங்குள்ள கணினிகளில் உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் 1.5 கோடிப் பயனர்களுக்கு அந்தத் திரை காட்டப்படாமல் போனதற்காக, 2013 மார்ச்சில் ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 மார்ச் முதல் அங்கே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்தன. அதன் விளைவாக, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் விற்கும் கணினிகளில் இயங்குதளத்தின் சொந்த இணைப்புகளும் பயனர் தேர்ந்தெடுத்த உலாவியிலேயே திறக்கின்றன. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியை நீக்கவும் முடிகிறது. பயனர் நேரடியாகத் திறக்காதவரை, தன்னை இயல்புநிலையாக்கும்படி எட்ஜ் கேட்காது என்று 2025இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அதே நிரல்தான் செங்கோட்டையிலும் ஓடுகிறது. கணினியில் நாடு எது என்று குறித்திருப்பதைப் பார்த்து, பாரிஸில் இருப்பவருக்கு ஒரு மரியாதையும் புளியரையில் இருப்பவருக்கு வேறொரு மரியாதையும் கொடுக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

புதிய சட்டம் வரும்வரை காத்திருங்கள் என்று தாங்கள் சொல்ல வேண்டிய நிலையும் இல்லை. டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளைத் தங்கள் ஆணையமே 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கை செய்தது. அதில் உள்ள 13 வகைகளில் ஒன்று நச்சரிப்பு. வணிக ஆதாயத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனரைத் தொந்தரவு செய்வதை அது குறிக்கிறது. ஒரு செயலியை இறக்கச் சொல்லித் தளம் மீண்டும் மீண்டும் கேட்பதை அந்த நெறிமுறைகளே எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. இன்னொரு வகை, ஒரு தகவலைத் தூக்கிக் காட்டி மற்றதை மங்கலாக்கிப் பயனரைத் திசைதிருப்பும் இடைமுகக் குறுக்கீடு. நான் மேலே சொன்ன நீலப் பொத்தானும் வெளிறிய எழுத்தும் இதற்குள் வராது என்றால் வேறு எதுதான் வரும்? 2025 ஜூனில் மின்வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று தாங்கள் அறிவுறுத்தினீர்கள். அந்த வரிசையில் இயங்குதள நிறுவனங்களையும் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்காரனாக இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தியாவிலேயே ஓர் உலாவி உருவாக வேண்டும் என்று மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023இல் ஒரு போட்டி வைத்தது. 2025 மார்ச்சில் 1 கோடி ரூபாய் முதல் பரிசை வென்றது ஜோஹோ நிறுவனத்தின் ‘உலா’. அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று எங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அரசு பரிசு கொடுத்து வளர்க்கும் உலாவியை ஒருவர் ஆசையாக நிறுவி இயல்புநிலையாக வைத்தால், அடுத்த புதுப்பிப்பின்போது ஒரே ஒரு அவசரச் சொடுக்கில் அது ஓரங்கட்டப்படலாம் என்றால், அந்தப் பரிசுக்கு என்ன பொருள்? இதே பேச்சு பயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் எட்ஜுக்குமே பொருந்தும். எட்ஜை விரும்பி வைத்திருப்பவரின் கணினியிலும் அது கலையாமல் இருக்க வேண்டும்.

ஆரியங்காவுப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவன் ஒருவன் ஒருமுறை அந்த நீலப் பொத்தான் திரையைப் பார்த்துவிட்டு, “எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் இப்படியெல்லாம் கேக்காதே அண்ணே” என்றான். கேரள அரசுப் பள்ளிகளில், அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான் என்று பழகி வளர்ந்த பிள்ளை அவன். மற்றவர்களும் அப்படிப் பழக வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே நான் பணிவுடன் கோருவது இதுதான். இந்தியாவில் விற்கும் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும், பயனர் தேர்ந்தெடுத்த இயல்புநிலை உலாவி, புதுப்பிப்புக்குப் பிறகும் மறுதொடக்கத்துக்குப் பிறகும் அவர் மாற்றும்வரை அப்படியே இருக்க வேண்டும். மாற்றலாமா என்று கேட்பதாயிருந்தால் ஒருமுறை கேட்கட்டும். இரண்டு விடைகளும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பயனரின் மொழியில் இருக்கட்டும். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு அது தமிழ் அல்லது மலையாளம். மாற்றும் பொத்தான் ஒன்றே ஒன்றாகவும், பிடிஎஃப் உட்பட எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதாகவும் இருக்கட்டும். ஏதேனும் ஒரு பாதுகாப்புக் காரணத்தால் இயல்புநிலையை மீட்டமைத்தே ஆக வேண்டும் என்றால், எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்று தெளிவாகச் சொல்லி, பழைய நிலைக்குத் திரும்பும் வழியை அந்த அறிவிப்பிலேயே கொடுக்கட்டும்.

அன்றைய நிகழ்வுக்குப் பிறகு எங்கள் மையத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எந்தக் கணினியில், எந்தத் தேதியில், எந்தப் புதுப்பிப்புக்குப் பின் இப்படித் திரை வந்தது, என்ன மாறியது என்று அந்தப் பெண் தன் கையெழுத்தில் எழுதி, திரையைப் படமும் எடுத்து வைக்கிறாள். ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் அதன் நகலையும் படங்களையும் அனுப்பி வைக்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
இணையச் சேவை மைய நடத்துநர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.